டிமென்ஷியா நோயாளியைப் பராமரித்தல்: முதல் அறிகுறியிலிருந்து இறுதிக் கட்டம் வரை ஒரு வழிகாட்டி

"வயதாகிவிட்டது, மறதி வரத்தானே செய்யும்" என்று சொல்லிக்கொண்டே பல குடும்பங்கள் நோயைக் கண்டறிய வேண்டிய காலத்தைக் கடத்திவிடுகின்றன. முதுமையில் மறதி கூடுவது உண்மைதான். தெரிந்தவரின் பெயர் சட்டென்று நாவில் வராமல் போய், மாலையில் வேறு வேலையாக இருக்கும்போது தானே நினைவுக்கு வரும். டிமென்ஷியாவில் நடப்பது வேறு. காலையில் உறவினர் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனதை மாலையில் எடுத்துச் சொன்னாலும், "யாரும் வரவில்லையே" என்பார். பத்து நிமிடங்களுக்கு முன் கேட்ட கேள்வியை, கேட்டோம் என்ற சுவடே இல்லாமல் அதே குரலில் மறுபடியும் கேட்பார். வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதியவர், ஒரு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். நினைவூட்டினால் திரும்பி வருகிறதா, அன்றாட வேலைகள் தடைபடுகின்றனவா என்ற இரண்டு கேள்விகளை வீட்டில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டால், மருத்துவரிடம் போக வேண்டுமா என்பதற்கு விடை கிடைத்துவிடும்.

இது என்ன நோய்?

டிமென்ஷியா என்பது தனியொரு நோயின் பெயரன்று. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதைப் போல, மூளையைச் சிதைக்கும் பல நோய்களில் எதனாலும் உண்டாகக்கூடிய அறிகுறித் தொகுதிக்கே அந்தப் பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் உலகில் 5.7 கோடிப் பேர் இதனுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்குக் காரணம் அல்சைமர் நோய். இதில் பீட்டா அமிலாய்டு என்னும் புரதம் நரம்புச் செல்களுக்கு வெளியே படிகிறது. டவ் என்னும் புரதம் செல்களுக்குள்ளே முறுக்கிக்கொள்கிறது. புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகிறது. நேற்று நடந்தது மறந்தும், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பள்ளிக்கூடம் துல்லியமாக நினைவிலிருந்தும் குடும்பத்தாரைக் குழப்புவது இதனால்தான். "பழையதெல்லாம் நினைவிருக்கிறது, நாங்கள் சொன்னது மட்டும் மறந்துபோகிறதா?" என்று கோபப்படுபவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்: நாம் சொன்னது மறந்துபோகவில்லை, அது பதியவே இல்லை.

மற்ற வகைகளையும் அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் மறதி எல்லாவற்றிலும் முதலில் வருவதில்லை. பக்கவாதம் அல்லது மூளை இரத்தக்குழாய்ச் சேதத்தால் வரும் வாஸ்குலர் டிமென்ஷியா பெரும்பாலும் படிப்படியாக இறங்கும். சில மாதங்கள் ஒரே நிலையில் இருந்து, திடீரென்று ஒரு படி சரியும். லூயி பாடி டிமென்ஷியாவில் இல்லாத மனிதர்களும் விலங்குகளும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதும், தெளிவும் குழப்பமும் ஒரே நாளில் மாறி மாறி வருவதும், உடல் விறைப்பும் நடுக்கமும் காணப்படும். ஃபிரான்டோ டெம்போரல் வகை பெரும்பாலும் 45 வயதுக்கும் 65 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. அதில் நினைவு நன்றாகவே இருக்க, நாகரிகமும் பரிவும் கட்டுப்பாடும் முதலில் போய்விடுவதால், நோயாளி கெட்டுப்போனவர் என்று பெயர் வாங்கிய பிறகே மருத்துவரிடம் வந்து சேர்கிறார். அல்சைமர் நோயிலும் இப்படி நேரலாம்: அந்நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1901-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பரிசோதித்த அவுகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் முதலில் வெளிப்பட்டதும் கணவர் மீதான சந்தேகம்தான்.

முதல் படி: எழுதிவைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்ப்பது

மருத்துவரின் அறையில் பத்து நிமிடம் நோயாளி மிகச் சிறப்பாகப் பேசிவிடுவார். வீட்டில் நடப்பதை நீங்கள் சொன்னால் மிகைப்படுத்துவதாகத் தோன்றும். எனவே இரண்டு வாரங்களுக்காவது நாள், நேரம், நடந்தது என்று எழுதி வையுங்கள். மாற்றம் எப்போது தொடங்கியது, மெல்ல வந்ததா திடீரென்று வந்ததா, சமீபத்தில் விழுந்தாரா, என்னென்ன மருந்துகளை உட்கொள்கிறார் என்பவை அந்தக் குறிப்பில் இருக்கட்டும். கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் சளி, ஒவ்வாமை, தூக்க மாத்திரைகளையும் விடாமல் எழுதுங்கள். அவற்றில் சில முதியவர்களின் நினைவைத் தாமே குழப்பக்கூடியவை.

மருத்துவர் முதலில் தேடுவது, சரிசெய்யக்கூடிய காரணம் ஏதேனும் உண்டா என்பதைத்தான். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, விழுந்த பிறகு மண்டைக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய இரத்தம் ஆகியவை டிமென்ஷியாவைப் போலவே தோன்றலாம். நடை தடுமாற்றம், சிறுநீரை அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்காகவே இரத்தப் பரிசோதனையும், சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேனும் செய்யப்படுகின்றன. இன்று என்ன நாள் என்று கேட்பது, மூன்று சொற்களைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துத் திரும்பச் சொல்லச் சொல்வது, கடிகாரம் வரையச் சொல்வது போன்ற சோதனைகளும் நடக்கும். அப்போது பக்கத்தில் இருந்து விடையை எடுத்துக் கொடுக்காதீர்கள். அன்பினால் செய்யும் அந்த உதவி கண்டறிதலைக் கெடுத்துவிடும்.

மருந்துகளைப் பற்றி அளவான எதிர்பார்ப்பு வேண்டும். டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின், மெமன்டின் ஆகியவை சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும், நோயை நிறுத்துவதில்லை. முதல் மூன்றும் குமட்டல், பசியின்மை, இதயத் துடிப்பு குறைதல் ஆகியவற்றை உண்டாக்கலாம். அமிலாய்டு படிவை அகற்றும் லெக்கனெமாப் 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. ஆனால் அது தொடக்கக் கட்டத்தில் உள்ளவர்களுக்கு மட்டுமே. சரிவின் வேகத்தைக் குறைக்கிறதே தவிர இழந்ததை மீட்பதில்லை. மூளை வீக்கமோ இரத்தக் கசிவோ வருகிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

இரண்டாம் படி: தெளிவு இருக்கும்போதே முடிவுகளைக் கேட்பது

நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லலாமா என்று தயங்குவார்கள். தன்னிடம் ஏதோ மாறுகிறது என்பதை அவர் பெரும்பாலும் நமக்கு முன்பே உணர்ந்திருப்பார். மறைப்பதால் அவர் தனித்து விடப்படுகிறார். எவ்வளவு அறிந்துகொள்ள விரும்புகிறாரோ அவ்வளவு சொல்லலாம். உயில், வங்கிக் கணக்கு, சொத்தைக் கவனிக்கும் அதிகாரத்தை யாருக்குத் தருவது, நோய் முற்றிய காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பவற்றை அவரே சொல்லக்கூடிய காலம் தொடக்கக் கட்டம் மட்டுமே. வாகனம் ஓட்டுவதை நிறுத்தும் பேச்சும் இதில் அடங்கும். அதை மகனோ மகளோ சொல்வதைவிட மருத்துவர் சொன்னால் வீட்டில் மனக்கசப்பு குறையும்.

மூன்றாம் படி: பேசும் முறையை மாற்றிக்கொள்வது

பராமரிப்பில் பாதி இதுதான் என்பேன். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் திரையில் காட்டினார்கள். பார்த்தது என்ன என்பதே மறந்துபோன பிறகும், அந்தச் சோகமோ மகிழ்ச்சியோ அவர்களிடம் தங்கியிருந்தது. வீட்டுக்கும் இது பொருந்தும். நீங்கள் காலையில் அதட்டியது அவருக்கு நினைவிருக்காது. ஆனால் காரணம் தெரியாத ஒரு கலக்கம் மதியம் வரை அவரோடு இருக்கும்; அந்தக் கலக்கமே பிற்பகலில் அடமாக வெளிப்படும்.

பேசும்போது எதிரே வந்து, கண்மட்டத்துக்கு இறங்கி, உறவுமுறை சொல்லி அழைத்து, ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தியை மட்டும் சொல்லுங்கள். சொன்ன பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். சொல் மூளைக்குள் போய்ப் பொருளாகித் திரும்ப அவருக்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. நாம் பொறுமையிழந்து அதையே வேறு சொற்களில் சொன்னால், அவர் மறுபடியும் தொடக்கத்திலிருந்து புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டியிருக்கும். "என்ன உடுத்துகிறீர்கள்?" என்று கேட்பதைவிட, இரண்டு உடைகளைக் காட்டி "இதுவா, அதுவா?" என்பது எளிது. காது கேட்கும் கருவியும் மூக்குக்கண்ணாடியும் சரியாக இருக்கின்றனவா என்று நாள்தோறும் பாருங்கள். மறதி என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு காது கேளாமையாக இருக்கும்.

"நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று வருகிறவர்களெல்லாம் தேர்வு வைப்பதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். தோற்பது தெரிந்தே ஒரு மனிதரை மன்றத்தில் நிறுத்துவது அது. "நான் உங்கள் பேத்தி, பார்க்க வந்தேன்" என்று வருகிறவரே சொல்லிவிட்டால் போதும். வயதானவர் குழந்தைக்குச் சமம் என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. குழந்தை நாளுக்கு நாள் கற்றுக்கொள்கிறது. இவரோ ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்து, அதன் மானத்தோடு அமர்ந்திருப்பவர். மழலைக் குரலில் பேசினால் அவமதிக்கப்படுவதை அவர் உணர்வார்.

தவறாகச் சொல்வதைத் திருத்தலாமா? பெரும்பாலும் வேண்டாம். எண்பது வயதுப் பெண் ஒருவர், "அம்மா எங்கே?" என்று கேட்கிறார். இறந்து நாற்பது ஆண்டுகள் ஆயிற்று என்று சொன்னால், அந்தச் சாவுச் செய்தியை அவர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறார். நாளை மறுபடியும் கேட்பார். "நாளைக்கு வருவார்" என்று பொய் சொல்வதையும் நான் விரும்புவதில்லை, ஏனெனில் அவர் வாசலைப் பார்த்துக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். "அம்மா நினைவு வந்துவிட்டதா? உங்களை எப்படிக் கூப்பிடுவார்?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்விக்குப் பின்னால் இருப்பது ஏக்கமோ பயமோ பசியோ என்று கண்டு அதற்குப் பதில் சொன்னால், உண்மையை மறுக்கவும் வேண்டாம், அவரை நோகடிக்கவும் வேண்டாம்.

நான்காம் படி: வீட்டையும் நாளையும் ஒழுங்கு செய்வது

எழுவது, குளிப்பது, உண்பது, உலாவுவது, உறங்குவது ஆகியவை ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நடந்தால், நினைவு செய்ய வேண்டிய வேலையைப் பழக்கம் செய்துவிடும். வீட்டை ஒரேயடியாக மாற்றி அடுக்காதீர்கள். தடுக்கும் விரிப்புகளை அகற்றுவது, கழிவறையில் பிடிகம்பி பொருத்துவது, படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியவிடுவது, அடுப்பின் எரிவாயு இணைப்பை மூடி வைப்பது, மருந்தும் துப்புரவுத் திரவங்களும் பூட்டிய அலமாரியில் இருப்பது ஆகியவை போதுமான தொடக்கம். கண்ணாடியில் தெரிபவர் அந்நியர் என்று அஞ்சினால் கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள்.

குளிக்க மறுப்பது ஏறத்தாழ எல்லா வீட்டிலும் வரும் சண்டை. குளிர், தலையில் திடீரென்று கொட்டும் நீர், ஆழம் தெரியாத தரை, பிறர் முன் ஆடை களையும் கூச்சம் ஆகிய நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். அறையைச் சூடாக வைத்து, நீரை உங்கள் கையில் பார்த்துவிட்டு, காலிலிருந்து தொடங்கி, உடலைத் துண்டால் போர்த்தியபடியே பகுதி பகுதியாகக் கழுவினால் எதிர்ப்பு அடங்கும். ஒருநாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் குடி முழுகிவிடாது.

தட்டின் நிறமும் உணவின் நிறமும் ஒன்றாக இருந்தால் உணவு கண்ணுக்குப் புலப்படாது. மாறுபட்ட நிறத் தட்டு நல்லது. பல வகைகளை ஒன்றாகப் பரப்பாமல் ஒவ்வொன்றாக வையுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். தாகம் எடுப்பதை அவர் சொல்லமாட்டார் என்பதால் நீரை நீங்களே நீட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்கு அழைத்துச் சென்றால் உடை நனையும் சம்பவங்கள் வெகுவாகக் குறையும். ஆடையைப் பிடித்து இழுப்பதும் எழுந்து எழுந்து அமர்வதும் அவர் சொல்லத் தெரியாமல் சொல்லும் சைகைகள்.

ஐந்தாம் படி: மாறிய நடத்தையைப் படித்தறிவது

கத்துவது, அடிப்பது, அலைவது ஆகியவற்றுக்கு முன்னால் என்ன நடந்தது, அப்போது யார் இருந்தார்கள், எதற்குப் பிறகு அடங்கியது என்று எழுதி வந்தால், ஒரு வாரத்தில் ஓர் ஒழுங்கு தெரியும். தொலைக்காட்சிச் சத்தமாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், பல்வலியாக இருக்கலாம். வலிக்கிறது என்று சொல்லும் திறனை இழந்தவர் முகச்சுளிப்பாலும் முனகலாலும், தொட்டால் தட்டிவிடுவதாலும்தான் அதைச் சொல்வார்.

"என் பணத்தை எடுத்துவிட்டாய்" என்ற பழியைத் தாங்குவது கடினம். நடப்பது இதுதான்: திருட்டுப் போய்விடுமோ என்று அஞ்சி அவரே ஒளித்து வைக்கிறார்; ஒளித்தது நினைவில் பதியவில்லை; வெறுமையான இடத்துக்கு மூளை ஒரு காரணத்தை இட்டு நிரப்புகிறது. எப்போதும் பக்கத்தில் இருப்பவர் நீங்கள் என்பதால் பழியும் உங்கள் மீது வருகிறது. நிரபராதி என்று வாதாடாமல், "காணவில்லையா, வாருங்கள், சேர்ந்து தேடுவோம்" என்று தேடுங்கள். வழக்கமான ஒளிவிடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதேபோல இன்னொரு பணப்பையை வாங்கி வையுங்கள், குப்பைக்கூடையைக் கொட்டுமுன் ஒருமுறை கிளறிப் பாருங்கள்.

பொழுது சாயும்போது பலருக்குப் பதற்றம் கூடும். சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு "வீட்டுக்குப் போக வேண்டும்" என்பார்கள். களைப்பும், மங்கும் ஒளியும், நீளும் நிழல்களும் இதைத் தூண்டுகின்றன. இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்குகளையும் ஏற்றுங்கள், திரைச்சீலையை மூடுங்கள், பகல் உறக்கத்தைச் சுருக்குங்கள், மதியத்துக்குப் பிறகு காபியைத் தவிருங்கள். "இதுதான் வீடு" என்று நிரூபிக்க முயல்வதைவிட, கையைப் பிடித்துச் சிறிது தூரம் நடந்து திரும்பி வருவது பலிக்கும்.

வெளியே போய் வழி தவறுவது உயிருக்கே ஆபத்தானது. கதவில் மணியோ ஒலியெழுப்பியோ பொருத்துங்கள். கைபேசி எண் பொறித்த வளையத்தை அணிவியுங்கள். அண்மைப் புகைப்படம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அக்கம்பக்கத்தாரிடம் மறைக்காமல் சொல்லிவையுங்கள். காணாமல் போனால் காத்திருக்காமல் காவல்துறைக்குச் சொல்லி, அருகிலுள்ள நீர்நிலைகளையும் அவர் முன்பு வாழ்ந்த, வேலை செய்த இடத்துக்குப் போகும் வழியையும் முதலில் தேடுங்கள். அவரை மட்டும் உள்ளே பூட்டிவிட்டுப் போவது ஒருபோதும் கூடாது. தீப்பிடித்தால் அவருக்கு வெளியேறத் தெரியாது.

அமைதிப்படுத்தும் மனநோய் மருந்துகளைக் கேட்டு வாங்கும் முன் ஒன்றை அறியுங்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் இவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இலேயே எச்சரித்தது. லூயி பாடி வகையில் இவை கடுமையான விறைப்பை உண்டாக்கலாம். அவருக்கோ பிறருக்கோ ஆபத்து நேரும் நிலையில் மட்டும், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியவை இவை.

ஒரு நாளிலோ சில மணி நேரத்திலோ நிலை திடீரென்று மோசமானால், அது பெரும்பாலும் டிமென்ஷியா முற்றியதன் அடையாளமன்று. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, புதிய மருந்து போன்றவற்றால் வரும் கடும் மனக்குழப்பமாக அது இருக்கலாம். காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆறாம் படி: பராமரிப்பவர் தம்மைக் கவனிப்பது

உயிரோடு இருப்பவருக்காகவே துக்கப்படும் விசித்திரமான நிலை இது. கோபம் வரும், அதன் பின் குற்றவுணர்வு வரும். கை ஓங்கும் அளவுக்குப் போனால், அவர் பாதுகாப்பாக அமர்ந்திருப்பதை உறுதிசெய்துவிட்டு ஐந்து நிமிடம் அறையை விட்டு வெளியேறுங்கள். உறவினர்கள் "ஏதாவது வேண்டுமானால் சொல்" என்பார்கள். பொதுவாகக் கேட்டால் எதுவும் கிடைக்காது. "ஞாயிறு காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை நீ வந்து இருக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்தச் சுமை ஒரு பெண்ணின் தோளில் மட்டும் இறக்கி வைக்கப்படுகிறது. அவருடைய தூக்கமும் மருத்துவப் பரிசோதனையும் பட்டியலில் கடைசியாகவே வருகின்றன. இரவுத் தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, தூக்கிக் கிடத்த உடல்வலு போதாவிட்டாலோ, பராமரிப்பு இல்லத்தை நாடுவது கைவிடுவது ஆகாது.

"எனக்கும் வருமா?" என்ற கேள்வி பிள்ளைகளுக்கு எழும். நேரடியாக மரபுவழியில் இறங்கும் வகைகள் அரிது. லான்செட் என்னும் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், கேட்புக் குறைபாடு, தனிமை உள்ளிட்ட 14 காரணங்களைக் களைந்தால் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது.

ஏழாம் படி: இறுதிக் கட்டம்

சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, நடை நின்று, படுக்கையே இடமாகும் காலம் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, முதுகு, இடுப்பு, குதிகால்களில் தோல் சிவக்கிறதா என்று பாருங்கள். சிவந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது. விழுங்குதல் தடைபடுவதால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். நிமிர்த்தி அமரவைத்து, சிறு கரண்டியால் கூழ்போல் கெட்டியாகக் குழைந்த உணவை மெல்ல ஊட்டி, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாயைக் கொடுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் அமர்ந்த நிலையிலேயே இருக்கட்டும். இந்தக் கட்டத்தில் வயிற்றில் குழாய் பொருத்துவது ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே முதியோர் நல மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். வலிதணிப்புப் பராமரிப்புக் குழு கிடைக்குமானால் இப்போதே தொடர்புகொண்டு, மருத்துவமனைக்குக் கொண்டுபோவதா, வீட்டிலேயே வைத்திருப்பதா என்பதைப் பதற்றமில்லாத ஒரு நாளில் பேசி முடிவு செய்யுங்கள்.

உண்பது நின்ற பிறகும் வாய் வறண்டுகொண்டே இருக்கும். சுத்தமான ஈரத்துணியை விரலில் சுற்றி உதட்டையும் ஈறுகளையும் ஒற்றிவிடுங்கள், உதட்டில் சிறிது களிம்பு தடவுங்கள். அதைச் செய்யும்போது என்ன செய்கிறீர்கள் என்பதை அவருக்குப் பழகிய குரலில், எப்போதும் அழைக்கும் உறவுமுறையில் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.